கேத்தில் தண்ணியில் ஊறிய அவல்

"அடுப்பு மூட்டாமல் பிள்ளைக்குச் சாப்பாடோ?"

கனடாவில் இருக்கிற மாமி வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கும்போது கேட்ட கேள்வி இது. அவர் கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் அப்போது மகளுக்கு அவலும் வாழைப்பழமும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். மகளுக்குப் பதின்மூன்று மாதம். வாய் நிறைய அவலோடு அவளும் அப்பம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

உங்களில் பலருக்கு எங்கள் வீட்டுக் கதையை நான் விளக்கத் தேவையில்லை. வாரத்தில் நாலு நாள் வேலை. ஆறு மணிக்கு நேர்சரி பூட்ட முதல் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும். வீட்டுக்கதவைத் திறக்கும்போதே அவளுக்குப் பசி வந்துவிடும். சோறு வடித்து, பருப்பு அவித்து, ஆறவைத்துக் கொடுக்க முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலத்தை அவள் அழுதே தீர்ப்பாள். அதனால்தான் அவல், வீட்டாபிக்ஸ், ஓட்ஸ் எல்லாம் எங்கள் வீட்டில். ஊறவை, பிசை, கொடு. ஐந்து நிமிட வேலை.

ஆனாலும் மாமியின் கேள்வி உள்ளே போய் இருந்துவிட்டது. அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். "விடு பிள்ளை, மாமி பகிடிக்குச் சொன்னவ" என்பார் என்று நினைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சனிக்கிழமை பிள்ளையையும் கொண்டு வா. ரூட்டிங்கில சாமான் வாங்கிப்போட்டு ஒரு இடத்துக்குப் போவம்" என்றார்.

எங்கே என்று கேட்டேன். "வாவன்" என்றார். அவ்வளவுதான்.

*

ரூட்டிங் புரோட்வே ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் எனக்கு இன்றைக்கும் வயது எட்டாகிவிடும். நான் வளர்ந்த இடம். 1930களில் கட்டிய இரண்டு மூடு சந்தைகளும் அப்படியே இருக்கின்றன. உள்ளே மீன் கடைக்குப் பக்கத்தில் இப்போது கோப்பிக் கடைகள். அப்பர் ரூட்டிங் ரோட்டில் முத்துமாரி அம்மன் கோவில் வரைக்கும் நடந்தால் முருங்கைக்காய், புடலங்காய், கருவேப்பிலை எல்லாம் நடைபாதைப் பெட்டிகளில் கிடக்கும். எங்கள் வயதுப் பிள்ளைகள் பலர் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து இந்த ரோட்டில் பை தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்தவர்கள்தான்.

அம்மா கடைக்குள் போனதும் நேராக அவல் இருக்கிற தட்டுக்குப் போனார். நான் வழக்கமாகக் கைக்கு வந்த பொதியை எடுத்துப் போடுவேன். அம்மா அப்படியில்லை. பொதியைத் திருப்பி, அழுத்திப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது தடிப்பு அவல். இதுக்குச் சுடுதண்ணி வேணும், அரை மணித்தியாலம் ஊற வேணும். பல்லு வராத பிள்ளைக்கு ஊறினாப் பிறகும் நல்லா மசிக்க வேணும். இது மெல்லிசு. பால் பட்டாலே பஞ்சு மாதிரி வந்திடும். அவசரத்துக்கு இதுதான்."

ஊர்ச் சிவப்பு அவல் பெரும்பாலும் தடிப்பு. மெல்லிய வெள்ளை அவல் குஜராத்திக் கடைகளில் நிறைய வகையாகக் கிடைக்கும். அங்கே 'போஹா', 'பௌவா' என்று எழுதியிருப்பார்கள். வெம்பிளிப் பக்கம் இருப்பவர்கள் ஈலிங் ரோட்டில் பார்த்திருப்பீர்கள். பெயர் வேறு, சாமான் ஒன்றுதான். எது வாங்கினாலும் ஒரு தரம் கல், உமி பார்த்துப் புடைத்து, கழுவித்தான் பாவிக்க வேண்டும். சின்ன உமித்துண்டு ஒன்று பிள்ளையின் தொண்டையில் ஒட்டினால் போதும், பிறகு ஒரு கிழமைக்கு அவலைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும்.

அம்மா அவல் எடுத்தார். கதலி வாழைப்பழம் ஒரு சீப்பு எடுத்தார். பிறகு பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் வீட்டாபிக்ஸ் ஒரு பெட்டியும் பாலும். "வீட்டில ரெண்டு பெட்டி கிடக்கு அம்மா" என்றேன். "இது வீட்டுக்கில்லை" என்றார்.

*

57ஆம் நம்பர் பஸ் எடுத்து விம்பிள்டன் போனோம். போகிற வழியில் எஃப்ரா ரோட்டுப் பிள்ளையார் கோவிலில் இறங்கி ஒரு கும்பிடு. 1981இல் ஒரு பழைய தேவாலய மண்டபத்தில் தொடங்கிய கோவில் இது. வெளியே இருந்து பார்த்தால் இப்போதும் ஒரு சாதாரண லண்டன் தெருக் கட்டடம். உள்ளே கற்பூர வாசம். அம்மா பிள்ளையாருக்கு முன்னால் நின்று மூன்று தோப்புக்கரணம் போட்டார். மகளும் அவரைப் பார்த்து முழங்காலை மடக்கி நிமிர்ந்தாள்.

விம்பிள்டனில் டிஸ்ட்ரிக்ட் லைன். எட்ஜ்வெயர் ரோட் போகிற ட்ரெயினில் ஏறினோம். மாறத் தேவையில்லை. ஈஸ்ட் பட்னி தாண்டியதும் ட்ரெயின் தேம்ஸ் ஆற்றுக்கு மேலால் போகும். மகளுக்குத் தண்ணியைக் காட்டிக்கொண்டிருந்தபோது அம்மாதான் கதையைத் தொடங்கினார். ஆனால் தொடங்கினது லண்டனில் இல்லை, கரவெட்டியில்.

"மாமி கேட்டவ எண்டியே, அடுப்பு மூட்டாமலோ எண்டு. அவல் அடுப்பு மூட்டாமல் வந்த சாமானோ? எங்கட அம்மா நெல்லை ரெண்டு நாள் ஊறப்போட்டு, வடிச்சு, சட்டியில போட்டு வறுப்பா. நெல்லு பொரியத் துவங்கேக்க, சூட்டோட சூடா உரலில கொட்ட வேணும். ஆறினா அவல் தட்டையா வராது, உடைஞ்சு குறுணலாப் போகும். ரெண்டு பேர் உலக்கை போட வேணும், மாறி மாறி. பிறகு சுளகில புடைக்க வேணும். ஒரு கொத்து அவலுக்கு ஒரு விடிய விடிய வேலை. அதைத்தான் நாங்கள் இப்ப பொதியில வாங்கிப்போட்டுச் சமைக்காத சாப்பாடு எண்டுறம்."

இதை நான் இதுவரை இப்படி யோசித்ததில்லை. சமைக்கத் தேவையில்லாத தானியம் என்று ஒன்று கிடையாது. யாரோ முதலே சமைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவலை ஊரில் ஒரு உரல் சமைத்தது. வீட்டாபிக்ஸை நோர்தாம்ப்டன்ஷயரில் பேர்ட்டன் லாட்டிமர் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை சமைக்கிறது. 1932இலிருந்து அங்கேதான் அதைச் செய்கிறார்கள். கோதுமையை ஆவியில் அவித்து, தகடாக நசித்து, அச்சில் போட்டுச் சுடுவார்கள். ஓட்ஸும் ஆலையில் ஆவி பிடித்துத்தான் நசிக்கப்படுகிறது.

இலங்கையில் வளர்ந்த உங்கள் அம்மா அப்பாவிடம் திரிபோஷா பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகம் மலரும். 1973இல் தொடங்கிய அரசாங்கத் திட்டம். சோளமும் சோயாவும் முதலே வேகவைத்து அரைத்த சத்துமா. கர்ப்பிணித் தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கொடுப்பார்கள். கொஞ்சம் தண்ணி தெளித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டினால் உருண்டை. தம்பி தங்கைக்கு வந்த பொதியை அண்ணன் அக்காமார் களவாக உருட்டிச் சாப்பிடாத வீடு இல்லை என்பார் அம்மா. அதற்கும் அடுப்பு தேவையில்லை. தொழிற்சாலையே அடுப்பு மூட்டிவிட்டது.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அவலும் மாவும் ஒன்றல்ல. கடையில் வாங்குகிற குரக்கன் மா, கோதுமை மா, வறுக்காத அரிசி மா எல்லாம் பச்சை மா. அவற்றைப் பாலில் குழைத்து அப்படியே பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. பச்சை மாவில் கிருமி இருக்கலாம், அதைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று இங்கே உணவுப் பாதுகாப்புத் துறையே சொல்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். "இதை யாராவது முதலே சமைத்திருக்கிறார்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆம் என்றால் ஊறவைக்கலாம். இல்லை என்றால் அடுப்புக்குப் போக வேண்டும்.

*

ட்ரெயின் நொட்டிங் ஹில் கேட் தாண்டியது. "அடுத்ததில இறங்குவம்" என்றார் அம்மா. பேஸ்வோட்டர். தள்ளுவண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேற்றினோம். வெளியே வந்தால் குயின்ஸ்வே. ரோட்டின் மேல்பக்கத்தில் வைட்லீஸ் கட்டடம். முன்பு பெரிய கடைத்தொகுதி, இப்போது விலை உயர்ந்த வீடுகளும் ஹோட்டலுமாக மாறிவிட்டது. அம்மா அதைப் பார்த்து, "மழை நாளில உன்னைத் தூக்கிக்கொண்டு இதுக்குள்ள சும்மா சுத்துறனான். உள்ளுக்கச் சூடு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் குடும்பக் கதையில் இந்தப் பகுதி எப்போதும் ஒரே வசனமாகத்தான் வரும்: "முதல் கொஞ்ச நாள் ஹோட்டலில இருந்தனாங்கள்." சின்ன வயதில் அதைப் பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஹோட்டலில் இருந்தோமாம்!

அம்மா என்னை ஒரு பக்கத் தெருவுக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் வெள்ளைச் சாந்து பூசிய உயர்ந்த வீடுகள், வாசலில் தூண்கள். விக்டோரியா காலத்துப் பணக்காரர்களுக்காகக் கட்டியவை. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் இந்தப் பகுதி ஹோட்டல்கள் பலவற்றில் கவுன்சில்கள் வீடில்லாத குடும்பங்களை வைத்திருந்தன. 'பெட் அண்ட் பிரெக்ஃபாஸ்ட்' என்பார்கள். பெயர் சொல்கிறபடியே படுக்கையும் காலைச் சாப்பாடும். குசினி கிடையாது.

ஒரு கட்டடத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் அம்மா நின்றார். இன்று அது சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஹோட்டல். வாசலில் சூட்கேஸோடு ஒரு குடும்பம் டாக்சிக்குக் காத்து நின்றது. அம்மா மூன்றாம் மாடியைக் காட்டினார்.

"அந்தக் கரை யன்னல். ஏழு மாசம்."

1990 ஜூனில் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியபோது நான் பிறந்து ஒரு மாதம். கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லண்டன் வந்து சேர 1991 ஜனவரி. எனக்கு எட்டு மாதம். அப்பா விடியவே குறொய்டன் லூனார் ஹவுஸ் வரிசைக்கும் வக்கீல் கந்தோருக்கும் போய்விடுவார். அறையில் அம்மாவும் நானும் ஒரு கேத்திலும். அடுப்பு வைத்திருந்தால் அறையை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்லிப் பயப்படுத்தியிருந்தார்கள்.

"எட்டு மாசப் பிள்ளை. ஊரில எண்டா பருப்பும் சோறும் கீரையும் மசிச்சுக் குடுக்கிற வயசு. எனக்கு எங்க பிள்ளை அடுப்பு? கேத்தில் ஒண்டுதான். பக்கத்து அறை அண்ணை ஒராள் ரூட்டிங்குக்குப் போனவர். நான் கேக்கேல்லை. வரேக்க ஒரு பை அவல் கொண்டந்து தந்தார். இந்த ட்ரெயினிலதான் வந்திருப்பார்."

அடுத்த மாதம்தான் அந்தப் பனி. 1991 பெப்ரவரி. லண்டன் முழுக்க நின்றுபோன அந்த நாட்களை உங்கள் அம்மா அப்பாவும் சொல்லியிருப்பார்கள். ட்ரெயின்கள் ஓடவில்லை. 'இது பிழையான வகைப் பனி' என்று ரெயில்வே சொன்னதாக இன்றும் இங்கே பகிடி பண்ணுவார்கள். பனியைக் கண்டே பழக்கமில்லாத அம்மாவுக்குக் கைக்குழந்தையோடு படியிறங்கப் பயம். கொதித்த தண்ணியில் அவலை ஊறவைத்து, முள்ளுக்கரண்டியால் மசித்து, பால்மாவைக் கலந்து ஊட்டியிருக்கிறார். அவல் முடிந்தது. பிறகு?

அம்மா கொஞ்ச நேரம் அந்த யன்னலையே பார்த்தார்.

"காலைச் சாப்பாட்டில வீட்டாபிக்ஸ் வைப்பாங்கள். ஆளுக்கு ரெண்டு. நான் சாப்பிடாமல் ரெண்டையும் லேஞ்சியில சுத்திக் கோட்டுப் பொக்கெற்றில வைப்பன். பின்னேரம் உனக்கு. ஒரு நாள் மேசை துடைக்கிற மனிசி கண்டிட்டா. அயர்லாந்துக்காரி எண்டு நினைக்கிறன். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிச்சு. அவ ஒண்டும் பேசேல்லை. அடுத்த நாள் என்ர கோப்பையில நாலு கிடந்திச்சு. நாங்கள் அங்க இருக்கு மட்டும் நாலுதான்."

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் அழவில்லை. தான் சொல்ல வந்தது அதுவல்ல என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"உன்ர முதலாம் பிறந்தநாளும் இதுக்குள்ளதான். ஊரில எண்டா ஊருக்கே சமைச்சிருப்பம். நான் அவலுக்கு வாழைப்பழம் போட்டுக் குழைச்சுத் தந்தனான். ஒரு வயசு மட்டும் என்ர பிள்ளைக்கு நான் அடுப்பில வைச்சு ஒண்டும் குடுக்கேல்லை எண்டு எனக்கு இண்டைக்கும் கிடக்கு. நீ மாமி சொன்னதைச் சொல்ல, அதுதான் வந்தது."

ரூட்டிங்கில் எங்கள் வீட்டில் அம்மா மூன்று நேரமும் சமைப்பார். காலையில் இடியப்பம், மத்தியானம் சோறும் நாலு கறியும், இரவு புட்டு. தாளித்த வாசம் பள்ளிச் சீருடையில் ஒட்டுகிறது என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். "ஒரு நாளாவது சும்மா இருங்கோவன் அம்மா, பாண் சாப்பிடுவம்" என்று கத்தியிருக்கிறேன். அம்மா கேட்டதே இல்லை. ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு முப்பது வருடம் கழித்து, ஒரு நடைபாதையில் நின்றபோது தெரிந்தது.

*

குயின்ஸ்வேயின் கீழ்முனையில் பேஸ்வோட்டர் ரோட்டைக் கடந்தால் கென்சிங்டன் கார்டன்ஸ். உள்ளே போனதும் எல்ஃபின் ஓக் இருக்கிறது. ஒரு பழைய ஓக் மரத்தண்டில் குட்டிச் சாத்தான்களும் தேவதைகளும் செதுக்கி நிறம் பூசி, கம்பிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஐவர் இன்னஸ் என்பவர் செதுக்கியது, 1930 முதல் இங்கே நிற்கிறது. அம்மா என்னை இதற்கு முன்னால்தான் தூக்கிவைத்து ஊட்டுவாராம். மகளைத் தூக்கிக் காட்டினேன். விரலை நீட்டி ஒவ்வொன்றையும் "மியா" என்றாள். எல்லாம் பூனைதான் அவளுக்கு.

வாங்கில் இருந்து அம்மா பையைத் திறந்தார். சாமான் யாருக்கு என்று இப்போது தெரிந்தது. கடையில் வாங்கின மெல்லிய அவலை அங்கேயே ஒரு டப்பாவில் போட்டு, போத்தல் தண்ணியில் அலசி வடித்தார். இரண்டு மேசைக்கரண்டி அவலுக்கு நாலு மேசைக்கரண்டி பால். பத்து நிமிடம் மூடிவைத்தார். பிறகு அரை வாழைப்பழத்தை விரலால் நசித்துச் சேர்த்தார். விரலுக்கிடையில் அவல் ஒன்றை எடுத்து நசித்துப் பார்த்தார். நடுவில் கட்டி இல்லாமல் கரைந்தால்தான் பதம். உப்பில்லை, சீனியில்லை. பழம் போதும்.

வெளியே போகும்போது இதைவிட நல்ல சாப்பாடு நான் காணவில்லை. முதலே பால் ஊற்றிக் கொண்டுபோனால் பழுதாகும் என்ற பயம் இருக்கும். உலர் அவல் பையில் ஒரு கிழமையும் கிடக்கும். பாலைக் கலக்கிற இடத்தில் கலந்தால் போதும். கலந்ததில் மிஞ்சினதை எறிந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் செய்கிற மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டாபிக்ஸ் விரல்: இரண்டு வீட்டாபிக்ஸை நொறுக்கி, ஒரு கனிந்த வாழைப்பழத்தையும் மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிரையும் சேர்த்துப் பிசையுங்கள். சின்னச் சதுர டப்பாவில் அழுத்தி, இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் விரல் நீளத்துக்கு வெட்டலாம். இறுகவில்லை என்றால் இன்னும் அரை வீட்டாபிக்ஸ். தானே பிடித்துச் சாப்பிடப் பழகும் பிள்ளைக்கு நல்லது. வீட்டாபிக்ஸில் இரும்புச்சத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்பதும் ஒரு வசதி.

ஓட்ஸ் தட்டை: நாலு மேசைக்கரண்டி ஓட்ஸை மிக்ஸியில் ஒரு சுற்று. இரண்டு பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து, சுடுதண்ணியில் ஊறவைத்து மசியுங்கள். ஒரு மேசைக்கரண்டி உப்பில்லாத, கட்டியில்லாத கச்சான் பட்டர், தேவைக்குக் கொஞ்சம் பால். குழைத்து, உருண்டையாக விடாமல் சின்ன வடை மாதிரித் தட்டிக்கொள்ளுங்கள். உருண்டை தொண்டையில் அடைக்கும், தட்டை அப்படியில்லை. பேரீச்சம்பழம் பல்லில் ஒட்டும் என்பதால் இதைச் சாப்பாட்டோடு கொடுப்பது நல்லது. நேர்சரிக்கு அனுப்புவதென்றால் கச்சான் வேண்டாம். பல இடங்களில் விடமாட்டார்கள்.

இங்கே என்ஹெச்எஸ் சொல்கிற சிலவற்றை வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிவையுங்கள். சாப்பாடு தொடங்குவது ஆறு மாதமளவில். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளியும் வேண்டாம். கைக்குழந்தைக்கு அது நஞ்சாகலாம். சர்க்கரையும் பனங்கட்டியும் கூடச் சீனிதான், 'ஊர்ச் சாமான்' என்று விலக்குக் கிடையாது. கச்சான், முந்திரி முழுசாக ஐந்து வயதுவரை கூடாது. அரைத்தோ பட்டராகவோ கொடுக்கலாம். கோதுமை, பால், கச்சான், எள்ளு, சோயா போன்றவற்றை முதல்முறை கொடுக்கும்போது ஒவ்வொன்றாக, கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் யாருக்கும் ஒவ்வாமை இருந்தாலோ, பிள்ளைக்குக் கரப்பன் இருந்தாலோ முதலில் ஜிபியிடமோ ஹெல்த் விசிற்றரிடமோ கேளுங்கள். அவல் நல்லதென்று ஒவ்வொரு நாளும் அரிசியே கொடுக்காமல் ஓட்ஸ், கோதுமை, சோளம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

*

மகள் டப்பாவைக் காலி பண்ணிவிட்டு இன்னும் கேட்டாள். அம்மா அடுத்த இரண்டு கரண்டி அவலை ஊறப்போட்டார். பத்து நிமிடம் பொறுக்க அவள் தயாரில்லை. புறாவைத் துரத்தப் போய்விட்டாள்.

இந்த நகரத்தில் இன்றைக்கும் குசினி இல்லாத அறைகளில் பிள்ளைகளோடு குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் உள்ள குடும்பத்தை ஆறு கிழமைக்கு மேல் இப்படியான இடத்தில் கவுன்சில் வைத்திருக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 2004 ஏப்ரலிலிருந்து சட்டம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த யாராவது அப்படி இருந்தால் இந்த ஆறு கிழமைக் கணக்கைச் சொல்லுங்கள். போய்ப் பார்க்கும்போது ஒரு பை மெல்லிய அவலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுபோங்கள். அவர்கள் கேட்கவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்து அறை அண்ணையிடம் அம்மா கேட்கவில்லை.

"அந்த அண்ணை இப்ப எங்க அம்மா?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை பிள்ளை. எங்களுக்கு ரூட்டிங்கில வீடு கிடைச்சு வரேக்க அவருக்கு வேற எங்கயோ கிடைச்சது. பேரும் வடிவா ஞாபகமில்லை. அண்ணை எண்டுதான் கூப்பிட்டனான்."

வீட்டாபிக்ஸ் பெட்டியை என்ன செய்வது என்று அப்போதுதான் கேட்டேன். அது இன்னும் உடைக்காமல் பையில் கிடந்தது. அம்மாவுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்த ஹோட்டல் வாசலில் யாரிடமாவது கொடுக்கலாம் என்று நினைத்து வாங்கினாராம். போய்ப் பார்த்தால் சூட்கேஸும் டாக்சியும். திரும்பும்போது ரூட்டிங் சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கிற உணவு வங்கிப் பெட்டிக்குள் அதை வைத்துவிட்டு வந்தோம். அம்மா ஒன்றோடு நிற்கவில்லை. உள்ளே போய் இன்னொரு பெட்டி வாங்கிவந்து, அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு மாமி வட்ஸ்அப்பில் வந்தபோது மகள் வழக்கம்போல அவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமி கேட்க முதலே நான் சொன்னேன்: "மாமி, இது சமைச்ச சாப்பாடுதான். இதை யார் சமைச்சது எண்டு ஆறுதலாச் சொல்லுறன், இருங்கோ."